ரவுண்டானாவில் செல்வம் ஆட்டிய கொடி

ஒருநாள் சைக்கிள் ரேஸில் முன்னணியில் வந்த மூன்று வெள்ளைக்காரர்களை எங்கள் ஆள் ஒருவன் சிமெண்ட் லாரிகள் நிற்கிற யார்டுக்குள் அனுப்பிவிட்டான். தவறு அவனுடையது என்று கம்பெனி சொன்னது. அது என்னுடையது.

அப்போது துபாயில் ரோட்டோரத் தடுப்புக் கம்பிகளை வாடகைக்கு விடும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர், ரூம் அஜ்மானில். ரேஸ் என்றால் காலையில் கிளம்பி, பாலைவனத்தையெல்லாம் சுற்றிவிட்டு மாலையில் பக்கத்து ஊருக்கு வந்து சேர்வது. காரில் போனால் அரை மணி நேரம்தான். யாராவது அவர்களிடம் முன்னமே சொல்லியிருக்கலாம். மற்ற நாளில் அதே ரோட்டில் லேபர் கேம்ப்பில் தங்கும் கூலியாள் சைக்கிள் மிதித்தால் ஹாரன் அடித்தே மண்ணில் இறக்கிவிடுவார்கள். அன்று மட்டும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் போலீஸ் பைக்.

வழி காட்ட ஆள் போதவில்லை. புதுக்கோட்டை செல்வத்தைக் கொண்டுவந்தார்கள். கட்டுமான சைட் வாசலில் கொடி காட்டி லாரிகளை உள்ளே அழைப்பது அவனுக்கு ஆறு வருஷ வேலை. அங்கேயும் கொடி, இங்கேயும் கொடி, அப்புறமென்ன என்றார் மேனேஜர். அடுத்த செவ்வாய் அவனுக்கு லீவு. ஒன்றரை வயது மகளை அதுவரை போனில்தான் பார்த்திருந்தான்.

வேலைக்கு முன் ஆட்களை நிறுத்தி விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு டூல்பாக்ஸ் டாக் என்று பெயர். நான் பஸ்ஸிலேயே தாளைச் சுற்றவிட்டு, யல்லா யல்லா, சீக்கிரம் என்று கையெழுத்தை மட்டும் வாங்கினேன். விளக்க நேரமில்லை. டீ குடிக்க நேரமிருந்தது.

ரவுண்டானாவில் ரேஸ் நேரே போக வேண்டும். சிமெண்ட் யார்டுக்குப் போகும் வலப்பக்கச் சாலையை மறித்து, கொடியைக் குறுக்கே பிடித்து நிற்பதுதான் செல்வத்தின் வேலை. போலீஸ் பைக் நேரே போய் மறைந்தது. பின்னால் மூன்று பேர் வருவதைப் பார்த்ததும் அவன் ஓரமாக ஒதுங்கி, ஆறு வருஷப் பழக்கத்தில் கொடியை ஆட்டி உள்ளே அழைத்தான். குனிந்த தலையோடு வந்தவர்கள் நல்ல பிள்ளைகளாகத் திரும்பிவிட்டார்கள். நான் ஓடிப்போய் நின்றபோது, "மூணு பேரையும் பத்திரமா உள்ள அனுப்பிட்டேண்ணே," என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர்களைத் திருப்ப யார்டுக்குள் ஓடினேன்.

மறுநாள் மேனேஜர் அந்தத் தாளை மேசையில் போட்டார். பயிற்சி கொடுத்தாயிற்று, கையெழுத்தும் இருக்கிறது, ஆகவே குற்றம் செல்வத்துடையது, லீவு கேன்சல் என்றார். கம்பெனியின் சட்டை கசங்கவில்லை. தனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்று செல்வம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலை குனிந்து நின்றான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சார், நான் அவனுக்கு எதுவுமே சொல்லிக்கொடுக்கல. பஸ்ல கையெழுத்து மட்டும்தான் வாங்கினேன்," என்றேன்.

"இத எழுதிக் கொடுத்தா உங்க சூப்பர்வைசர் வேலை போயிடும், தெரியுமில்ல?"

தெரியும். எழுதிக் கொடுத்தேன்.

செல்வம் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினான். என்னைக் கம்பி கழுவும் வேலைக்கு இறக்கினார்கள். நான்கு வருஷம் கழுவினேன். கசப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு ஒன்று. அந்தத் தாள் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. செல்வத்துக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நீட்டியது நான் என்பதால் கையெழுத்துப் போட்டான்.