அமுக்கரா சாப்பிடும் டிரைவர்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை போகும் தனியார் பஸ் ஒன்றுக்கு மைக்கேல்சாமி டிரைவர். ஆவூர்க்காரர், ஐம்பது வயதை நெருங்குகிறவர். போன மார்கழியில், காலை முதல் ட்ரிப்பில், சித்தன்னவாசல் விலக்கைத் தாண்டியதும் அவருக்குக் கண் செருகியது. பஸ் ரோட்டை விட்டு இறங்கி, கருவேல முள்ளுக்குள் முகத்தை நுழைத்து நின்றது. யாருக்கும் காயமில்லை. முன் சீட்டுக்காரர் ஒருவரின் டிபன் கேரியர் திறந்து, சாம்பார் இஞ்சின் மூடியின் மேல் கொட்டியதுதான் பெரிய சேதம்.

முதலாளி சத்தம் போடவில்லை. முதலில் போய் நன்றாகத் தூங்குங்கள், பிறகு வண்டியை எடுக்கலாம் என்று சொல்லி, மைக்கேல்சாமியை ஷெட் வேலைக்கு மாற்றினார். சீட்டில் கவியரசன் என்ற இளைஞர் உட்கார்ந்தார். கவியரசன் நன்றாகவே ஓட்டினார். மைக்கேல்சாமிக்கு அதுதான் பயம். இருபது வருடமாகத் தெரிந்த ஒரே வேலை அந்த ஸ்டியரிங்தான்.

தூக்கம் கெட்டுப் பல மாதமாகியிருந்தது. தனியார் பஸ்ஸில் டைமிங் என்பது தினசரிச் சண்டை. கொஞ்சம் பிந்திப் போனால், பின்னால் வருகிறவர் ஸ்டாண்டில் மறித்துக்கொண்டு கத்துவார்: என் ஆட்களை ஏற்றத்தானே மெதுவாக வந்தாய் என்று. முந்திப் போனால் முன்னால் போகிறவர் கத்துவார். படுத்த பிறகும் இந்தச் சண்டை மைக்கேல்சாமியின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவர் மனைவி வேளாங்கண்ணி செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். மனப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அமுக்கரா கிழங்கு நல்லது என்று அதில் ஒருவர் சொன்னார். வேளாங்கண்ணியே புதுக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் ஒரு டப்பா அமுக்கரா பொடி வாங்கி வந்தார். இரவில் இளஞ்சூடான பாலில் அரை ஸ்பூன். முதல் நாள் குடித்ததும், குதிரை லாயத்தில் படுத்திருப்பதுபோல வாடை அடிக்கிறது என்றார் மைக்கேல்சாமி. அந்தக் கிழங்குக்கு வாடை அப்படித்தான்.

அதே வாரம் சாம்பல் புதன் வந்தது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரையிலான தவக்காலத்தில் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது ஆவூரில் வழக்கம். மைக்கேல்சாமி எல்லா வருடமும் கறியை விடுவார். இந்த வருடம் சீட்டு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அதைவிடப் பெரியதாகப் பார்த்து, டீயை விட்டார்.

ஒரு பஸ் டிரைவர் டீயை விடுவது சாதாரண விஷயமில்லை. பஸ் நிற்கும் ஊரிலெல்லாம் டீக்கடைக்காரர் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கேட்காமலே கிளாஸை நீட்டுவார். பஸ் நின்றால்தான் கடைக்கு வியாபாரம். வேண்டாம் என்றால் கடையையே வேண்டாம் என்று அர்த்தம். இலுப்பூர் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் இருளாண்டி, டிரைவர் ஜன்னலுக்கே கிளாஸைக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு நாளில் எத்தனை டீ உள்ளே போகிறது என்று மைக்கேல்சாமிக்கே தெரியாது. ஷெட்டுக்கு மாறிய பிறகும் அது குறையவில்லை.

முதல் சில நாட்கள் தலைவலி. பிறகு தூக்கம் வந்தது, விடியும்வரை அசையாத தூக்கம். முகம் தெளிந்ததை முதலாளி கவனித்தார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நிரந்தரமாக ஷெட்தான் என்பதையும் சொல்லியே கொடுத்தார்.

அமுக்கராவின் புகழ் ஸ்டாண்டில் பரவியது. கண்டக்டர் சேவுகனும் ஒரு டப்பா வாங்கினார்.

"அண்ணே, ஒங்க பொடியச் சாப்பிட்டு நான் தூங்கல. வயிறுதான் ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு இருக்கு."

"நம்பிச் சாப்பிடணும்டா. நீ டிக்கெட் கிழிக்கிற மாதிரி அவசரமாச் சாப்பிட்டா?"

சீட்டுக்குத் திரும்பிய பிறகும், தவக்காலம் முடியும்வரை இருளாண்டி கிளாஸை நீட்டவில்லை. மைக்கேல்சாமி டீயைச் சாமிக்காக விட்டிருக்கிறார் என்று மற்ற கடைக்காரர்களுக்கும் சொல்லிவைத்தார். ஈஸ்டருக்கு மறுநாள், பாலை நன்றாகக் காய்ச்சி, ஸ்பெஷல் டீயோடு ஜன்னலுக்கு வந்தார். மைக்கேல்சாமி குடித்தார். அன்னவாசலில் குடித்தார், விராலிமலையில் குடித்தார்.

ஒரு வாரத்தில் தூக்கம் போய்விட்டது. பொடியை நிறுத்தவேயில்லை, அதே டப்பா, அதே பால். அளவு போதவில்லை என்று முடிவு செய்து ஒரு ஸ்பூன் ஆக்கினார், பிறகு இரண்டு. இரவில் கொட்டக் கொட்ட விழித்திருந்து, காலையில் மந்தமாக எழுந்தார். ஒரு நாள், அதே சித்தன்னவாசல் விலக்குக்குப் பக்கத்தில், இடது சக்கரம் ரோட்டோரச் சரளையைத் தொட்டது. சேவுகன் விசிலை நீளமாக ஊதினார். பயணிகள் ஏதோ ஸ்டாப் என்று நினைத்தார்கள்.

மறுநாள் லீவு போட்டு, அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போனார். பொடியை இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்பதுதான் அவர் கேள்வி. டாக்டர் திலகவதி பிரஷர் பார்த்தார். சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். இல்லை. அமுக்கரா உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அமைதிப்படுத்த உதவும், ஆளை அடித்துப் போடும் மருந்தில்லை, தானாக அளவைக் கூட்டினால் பகலில் மந்தமும் வயிற்றுக் கோளாறும்தான் மிச்சம் என்று கண்டித்தார். பிறகு, நன்றாகத் தூங்கிய நாட்களில் வேறு என்ன மாற்றம் இருந்தது என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்ற மைக்கேல்சாமி, யோசித்துவிட்டுச் சொன்னார்.

"தவக்காலம் மேடம். டீய விட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்பதான் ஈஸ்டர் முடிஞ்சிருச்சே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பப் பொடி இருந்துச்சு, டீ இல்ல. தூங்கினீங்க. இப்பப் பொடியும் இருக்கு, டீயும் வந்திருச்சு. தூக்கம் இல்ல. யாரச் சந்தேகப்படுவீங்க?"

"இருளாண்டியத்தான் மேடம்."

இருளாண்டி யார் என்று டாக்டருக்கு விளக்க வேண்டியிருந்தது. அரை ஸ்பூனுக்கு மேல் போகக்கூடாது, காலையில் ஒரு டீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

எழுதிக் கொடுப்பது சுலபம். மறுநாள் இலுப்பூரில் மைக்கேல்சாமி கையை ஆட்டி வேண்டாம் என்றபோது, இருளாண்டி கிளாஸைக் கீழே இறக்கவில்லை.

"சித்திரையிலயுமா ஒங்க சாமிக்கு நோம்பு? இல்ல, அங்கிட்டு எதுத்த கடை டீ ருசியா இருக்கோ?"

எதிர்க் கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கேல்சாமி வாங்கிக் குடித்தார். அன்றும் தூங்கவில்லை. சாமிக்காக என்றால் விடுகிறார்கள், தூக்கத்துக்காக என்றால் விடமாட்டார்கள். இப்படியே போனால் அடுத்த தவக்காலம் வரும்வரை சீட்டு இருக்காது.

மறுநாள் கிளாஸ் ஜன்னலுக்கு வந்தபோது அவர் சொன்னார்:

"மருந்து சாப்பிடுறேன் இருளாண்டி. பத்தியம். டீ படக்கூடாது."

இருளாண்டியின் கை தானாகப் பின்னால் போனது. மருந்துக்குப் பத்தியம் இருப்பவரை யாரும் வற்புறுத்துவதில்லை. பத்தியம் முறிந்தால் பழி டீ கொடுத்தவர் மேல்தான் விழும்.

"அடடா, மொதல்லயே சொல்லக்கூடாதா. என்ன மருந்து?"

"அமுக்கரா."

"எம்புட்டு நாளைக்கு?"

"பஸ் ஓட்டுற வரைக்கும்."

இருளாண்டி அந்தக் கிளாஸை சேவுகனிடம் கொடுத்தார். விராலிமலை வரை எல்லாக் கடைக்கும் அந்த வாரத்துக்குள் செய்தி போய்விட்டது.

இப்போது மைக்கேல்சாமி பெரும்பாலான இரவுகளில் தூங்குகிறார். டைமிங் சண்டை குறையவில்லை. கவியரசனுக்கு முதலாளி வேறு பஸ் கொடுத்துவிட்டார். அடுத்த முறை பார்த்தபோது, பொடியை இனி நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். மைக்கேல்சாமி சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார்.

டப்பா இன்னும் டாஷ்போர்டில், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கிளாஸ் நீட்டுகிறவர்களுக்குப் பெயர் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறார். உள்ளே பொடி இருக்கிறதா என்று சேவுகன் ஒரு நாள் எடுத்து ஆட்டப் போனார். வை அதை, என்று சொல்லிவிட்டு மைக்கேல்சாமி கியரைப் போட்டார்.