கிழக்கு பார்த்த டிஷ்

அந்த டிஷ்ஷை உடைத்தது நான்தான். ஜாக்கி லிவரால் கை ஓயும்வரை அடித்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

கட்டியதும் நான்தான். மோகனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். காயலான் கடையில் கிடந்த பழைய பெரிய டிஷ் ஆன்டெனாவை மொட்டை மாடிக்கு ஏற்றி, உள்பக்கம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினேன். வெயில் மொத்தமும் அதன் முன்னால் ஓரிடத்தில் குவியும். அங்கே ஒரு சின்னக் கொதிகலன். அதன் நீராவியில் லாரி டைனமோ சுற்றி, பேட்டரியில் சார்ஜ் ஏறும். சமையலறையில் பல்பு எரிந்த அன்று, லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார். "எம்பொண்டாட்டி சூரியனையே புடிச்சு ஊட்டுக்குள்ள உட்டுட்டாளுங்க!"

நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. வேலை இல்லாதபோது டிஷ்ஷின் மேல் தார்ப்பாய் கிடக்க வேண்டும்.

ஆயுத பூஜைக் காலையில் நான் கீழே பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்தேன். மேலே அவர் தார்ப்பாயை உருவிவிட்டார். கொதிகலனையும் கழற்றிக் கழுவி ஓரமாக வைத்துப் பொட்டு வைத்துவிட்டார். பூஜைக்கு லாரியைக் கிழக்கு பார்க்க நிறுத்துவது எங்கள் வழக்கம். டிஷ்ஷையும் அப்படியே திருப்பியிருக்கிறார். அந்த மாதத்தில் சூரியனும் நேர் கிழக்கில்தான் கிளம்புகிறது.

நான் மாடி ஏறியபோது, கொதிகலன் இருந்த இடத்துக்கு நேராக, கற்பூரத் தட்டை நீட்டியபடி நின்றிருந்தார். தீக்குச்சி கிழிக்கும் முன்பே கற்பூரம் குப்பென்று பற்றிக்கொண்டது.

"சாமி! தானாப் பத்திக்கிச்சே!" என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூஜைக்கு மாடியில் கூடியிருந்த பங்காளி வீட்டார் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தர்கூட அவரைப் பிடித்து இழுக்கவில்லை. அவரோ மெய்ம்மறந்து, நெருப்பு எங்கிருந்து வந்தது என்று குனிந்து டிஷ்ஷுக்குள்ளே பார்த்தார்.

"கண்ணு போயிரும்! கண்ணை மூடுங்க! நவுருங்க!" கத்திக்கொண்டு ஓடினேன். அந்தக் கண்களை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அவர் தோள்துண்டு பற்றியது. முடி கருகி நாறியது. பாய்ந்து தள்ளினேன். அதற்குள் வலது பக்க முகம் வெந்து தோல் சுருண்டிருந்தது. அந்த அலறலுக்கு நடுவிலும், "கற்பூரம் அணையாமப் பாருங்க" என்றார் மாமியார்.

எனக்கு வெறி ஏறிவிட்டது. பூஜைக்குப் பொட்டு வைத்து மாடியில் அடுக்கியிருந்த லாரிச் சாமான்களில் ஜாக்கி லிவர் கைக்குக் கிடைத்தது. கண்ணாடி தெறித்து என் முழங்கையைக் கிழித்தது. நிறுத்தவில்லை.

"உடைக்காத கண்ணு, சாமி குத்தமாயிரும்!" என்று மாமியார் குறுக்கே வந்தார்.

"உங்க சாமி எம்புருசனை எரிச்சிருக்குதுங்க!" தடுக்க வந்தவரையும் பிடித்துத் தள்ளினேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் வலது கண் போய்விட்டது என்றார்கள். இனி லாரி ஓட்ட முடியாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

வீடு திரும்பினால், பூஜை அலமாரியில் டிஷ்ஷின் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று சந்தனப் பொட்டோடு இருந்தது. முன்னால் விளக்கு எரிந்தது. அதைத் தூக்கி எறியப் போனேன்.

"உடு புள்ள," என்றார் அவர். "ரெண்டு கண்ணுலயும் கடைசியாப் பாத்தது அதைத்தான்."

வைத்துவிட்டேன். அந்த விளக்குக்கு நான் எண்ணெய் ஊற்றுவதில்லை. அவர்தான் ஊற்றுகிறார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் பாதி வெளியே சிந்துகிறது. துடைப்பது நான்.