தலை வெட்டுண்ட ராசாவும் என் சோதனையும்

யாழ்ப்பாணத்தில் சோதனைக்குப் பாடமாக்கியே பழகியவர்கள் நாங்கள். உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு எனக்கு உயிர். ஆறு கலியாணம் கட்டிய இங்கிலாந்து அரசன், கலியாணமே கட்டாமல் ஆண்ட அவன் மகள், தாடிக்கு வரி போட்ட ரஷ்யாக்காரன் எல்லாரும் ஆண்டு வாரியாக என் வாயில் இருந்தார்கள். வரலாற்றுச் சோதனையன்று காலையில் ஊரடங்கு போட்டார்கள்; எழுதவே முடியவில்லை. அடுத்த சோதனைக்கு முன் நான் கனடாவில். ராசாக்களும் என்னோடு விமானம் ஏறிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மல்வேர்ன் என்ற பகுதியில் நானும் கணவரும் இருந்தோம். குடியுரிமை நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. எந்த நாட்டின் பாஸ்போட்டும் கையில் இல்லாதவள் நான். தவறினால் மறுபடி எவ்வளவு காலம் காத்திருப்பதோ என்று பயந்தேன். மேல்மாடி அன்ரி, "ராணியைப் பற்றிக் கட்டாயம் கேப்பினம் பிள்ளை" என்றா. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலாந்து ராணிதானே கனடாவுக்கும் ராணி, என் பாடமல்லவா வரப்போகிறது! வேலைக்குப் போகும் பஸ்ஸில் நூலகத்துப் புத்தகத்தை மடியில் விரித்து, பழைய பாடமெல்லாம் முணுமுணுத்தேன்.

"உம்மிடம் கனடாவைப் பற்றித்தான் கேப்பினம். உந்த ராசாக்களை விட்டிட்டு மாகாணங்களைப் பாரும்" என்றார் என் கணவர். கேட்டால் நான் நானா?

நேர்முக நாளில், நரைத்த தலையோடு ஒரு பெண் குடியுரிமை நீதிபதி எதிரே இருந்தா. அல்பேர்ட்டாவின் தலைநகர் எது என்றா. வாயில் வந்த ஊரைச் சொன்னேன்; பிழை. பெரிய ஏரிகள் ஐந்தையும் சொல்லச் சொன்னா. இரண்டுதான் வந்தது. வெளியே காத்திருக்கிற என் மனிசன் சொன்னது சரி என்று அப்போதுதான் உறைத்தது.

"நாட்டின் தலைவர் யார்?"

ராணி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவவின் தகப்பன், ஒரு பெண்ணுக்காக முடியைத் துறந்த பெரியப்பன், அவர்களின் தகப்பன் என்று மடை திறந்துவிட்டது. ஒரே மூச்சில் பின்னுக்குப் போய், தலை வெட்டுண்ட அரசனில் வந்து நின்றேன். சந்தோசத்தில் கதிரை நுனிக்கு வந்திருந்தேன்.

நீதிபதி பேனையை வைத்துவிட்டா. "அவனை ஏன் வெட்டினார்கள்?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருசம் காத்திருந்தேன். "பாராளுமன்றத்தைக் கேளாமல் வரி போட்டான். எதிர்த்தவர்களைப் பிடித்து மறியலில் அடைத்தான். கடைசியில் தன் சனங்களோடேயே சண்டைக்குப் போனான்" என்றேன். கடைசி வசனத்தில் ஊரடங்கு போட்ட அந்தக் காலை கண்ணுக்குள் வந்தது.

"இங்கே சட்டம் ஆக்குவது யார்?"

"பாராளுமன்றம். ராணியைக் கேட்டு அல்ல."

அவ சிரித்தபடி ஏதோ எழுதினா. பிறகு எழுந்து கை தந்தா.

வெளியே கணவர் ஓடி வந்தார். "என்ன, பாஸோ?"

"ஓம்," என்றேன், அழுகையை அடக்க முடியாமல். "ஐரோப்பிய வரலாறு எழுதிட்டு வாறன்."