எண்ணெய் மண்ணில் ஒரு பூவரசு

பேருந்து திருமயத்தில் பத்து நிமிடம் நிற்கிறது. இறங்கி, ஒர்க்‌ஷாப்பை ஒட்டிய செல்வி அக்காவின் டீக்கடைக்கு ஓடுகிறேன். வெயில் நேரே முகத்தில் அடிக்கும் கடை. நிழலுக்காக அக்கா கிளை வெட்டி நட்ட இரண்டு பூவரசுப் போத்துகளும், கழிவு எண்ணெய் ஊறிய மண்ணில் பட்டுப்போயின. நான்கு மாதத்துக்கு முன், மூன்றாவதை நடும்போது, எண்ணெயை உறிஞ்சத் தென்னைநார்த் தூளும் அந்த எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்க் கரைசலும் மண்ணில் கலந்து கொடுத்தது நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். கல்லூரிக்கு வெளியே என் முதல் சோதனை அது.

மண்ணை அள்ளி முகர்கிறேன். எண்ணெய் வாடை குறைந்திருக்கிறது. சாண வாடை தூக்கலாக வருகிறது.

“என்னக்கா ஊத்துனீங்க?”

“சாணியக் கரைச்சுத்தான் ஊத்துனேன். வெறும் எண்ணெயவே எத்தன நாளைக்குத் திங்கும், பாவம்!”

சிரித்துவிடுகிறேன். நுண்ணுயிருக்கு எண்ணெயோடு உரமும் வேண்டும் என்று சொல்லத்தான் இன்று இறங்கினேன்.

“சிரிக்காத. அங்கிட்டுப் பாரு.”

போத்தின் உச்சியில் நக அளவில் இரண்டு துளிர்கள். அதற்குள் கடை பெஞ்சை அதனடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார் அக்கா.

“ஒக்காரு. நெழல்ல டீ குடிச்சுட்டுப் போ.”

உச்சி வெயிலில் உட்கார்ந்து, அந்த நிழலில் டீ குடிக்கிறேன்.