ஆறு மாகாணிக்கு ஒரு குட்டு

அது கட்டில்ல இருந்து விழுந்த தழும்பு இல்ல தாயி. கோரிப்பாளையத்துல மக வீட்டுக்குப் போனா எங்க நாத்தனா அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாளாம். பொய்யி. உச்சியில காலணா அகலத்துக்கு முடி மொளைக்காம கெடக்குதுல்ல, அது நான் வச்ச குட்டு. எட்டு வயசுல வச்சது. இப்பவும் அவளுக்கு எண்ண தேய்க்கையில அந்த எடம் வந்தா எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வரும்.

உக்காரு, சொல்றேன். அந்த அகத்திக்கீரைய இப்படித் தள்ளு, உருவிக்கிட்டே பேசுவோம்.

வில்லாபுரத்துல அப்ப ஏது இம்புட்டு வீடு, எல்லாம் வயக்காடு. கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம். பொம்பளப் பிள்ளைக நாங்க மூணு பேரு. ரெண்டு வருசம் போயும் எனக்கு எழுத்து ஒட்டவே இல்ல. இன்னைக்கும் எந்த பஸ்ஸுன்னு அடுத்தவுகளைத்தான் கேக்குறேன். எழுத்துக்கெல்லாம் அங்க அடி இல்ல, கணக்குக்குத்தான். அதுவும் வாத்தியாரு அடிக்க மாட்டாரு. சரியாச் சொன்னவுக, தப்பாச் சொன்னவுக தலையில குட்டணும். அது அவரு வழக்கம். பாவம் பாத்து மெதுவாக் குட்டுனா, குட்டுனவுகளுக்குப் பெரம்பால ரெண்டு விழும். அந்த மனுசன் வீட்டுல சம்சாரத்துக்கிட்ட அகப்பையால வாங்குறவருன்னு ஊருக்கே தெரியும், அது வேற கத.

என்னையக் கொன்னது மாகாணி வாய்ப்பாடு. ஒண்ணைப் பதினாறாப் பங்கு போட்டா ஒரு பங்கு மாகாணி. ரெண்டு சேந்தா அரைக்கால், நாலு சேந்தா கால். அப்படியே ஏறிக்கிட்டுப் போகும். எனக்கு நாலோட நாக்கு நின்னுரும். பக்கத்துல இவ உக்காந்திருப்பா. அப்ப நாத்தனா இல்ல, மேலத்தெருக்காரி. டக்குன்னு சொல்லிப்பிட்டு என் பக்கம் திரும்புவா. கைய மடக்கும்போதே மொகத்துல ஒரு சந்தோசம் வரும் பாரு. நங்குன்னு விழும், காது அடைச்சுக்கும். ஒரு நா பல்லு நாக்கைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். "என்னடி, வெத்தல போட்டியா"ன்னு கேட்டா பாவி.

இனிமே போகலன்னு அழுதேன். "போகலேன்னா நாத்துப் பறிக்க வா"ன்னு எங்கம்மா சாணிக் கையோட முதுகுல ஒண்ணு வச்சுச்சு. யோசிச்சுப் பாத்தா எனக்கும் பள்ளிக்கூடத்த விட்டு நிக்க மனசில்ல. அவளுக்கு ஒண்ணே ஒண்ணு திருப்பிக் குடுக்கணும். அதுக்கு அவ தப்பாச் சொல்ற அன்னைக்கு நான் சரியாச் சொல்லணும். வேற வழி கெடையாது.

காலையில வரட்டி தட்டுறது என் வேல. ஒரு நா சொவத்துல வரிசைக்குப் பதினாறு தட்டினேன். பதினாறும் சேந்தா ஒண்ணு. நாலு வரைக்கும் கால், எட்டு வரைக்கும் அரை. கண்ணு முன்னாடி நிக்குது. பொறவு தட்டத் தட்டச் சொன்னேன். அவசரப்பட்டா வரட்டியும் வழுக்கிரும், கணக்கும் வழுக்கிரும். அமுக்கி, அது சொவத்தப் பிடிக்கிற வரைக்கும் கைய எடுக்காம நிப்பேன். ஒம்பது மாசம். நடுவுல எத்தன குட்டு வாங்கினேன்னு கேக்காத. சாயங்காலமானா அம்மிக்கல்லுல வெரல் முட்டியக் குத்திக் குத்தி ஒரம் ஏத்துவேன்.

தை பொறந்து ஒரு நா, "ஆறு மாகாணி எம்புட்டு"ன்னாரு வாத்தியாரு. கரும்பு தின்ன மயக்கமோ என்னமோ, இவ "காலே மாகாணி"ன்னா. அது அஞ்சுக்கு. எனக்குச் சொவரு தெரிஞ்சுச்சு. நாலு வரட்டி கால், மேல ரெண்டு அரைக்கால். "காலே அரைக்கால்"னேன்.

வாத்தியாரு மூக்குப்பொடிய எடுத்த கையோட என்னையப் பாத்தாரு. "ம், குட்டு"ன்னாரு.

நான் அவசரப்படல தாயி. எந்திரிச்சுப் பாவாடையச் சொருகினேன். கையில எங்கப்பத்தா போட்டுவிட்ட ஐம்பொன் மோதிரம் கெடந்துச்சு, அந்த மொகப்பை மேல திருப்பினேன். உச்சி எங்கன்னு தடவிப் பாத்தேன். "குட்டித் தொலைடி"ன்னா. ஒம்பது மாசத்தையும் மடக்கி ஒரே குட்டு. ரத்தம் வகிட்டு வழியா எறங்கி மூக்கு நுனியில சொட்டுச்சு. அழுவான்னு பாத்தா, அழல. "சரி, வச்சுக்கிறேன்"னா. அம்புட்டுத்தான்.

அன்னைக்கே அவ அண்ணன் சாட்டக்கம்போட எங்க வாசலுக்கு வந்தாரு. எங்கப்பா ஒலக்கைய எடுத்தாரு. இந்தப் பக்கம் ஒரு கை ஒடிஞ்சுச்சு, அந்தப் பக்கம் முன்பல்லு ஒண்ணு போச்சு. எங்க ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடமும் முடிஞ்சுச்சு. ஏழு வருசம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்ல. பொறவு பகைய முடிக்கணும்னு பெரியவுக கூடி, அந்தப் பல்லு போன மனுசனுக்கே என்னையக் கட்டி வச்சாக.

மாப்பிள்ள மொத முடிச்சுப் போட்டா, மத்த ரெண்டும் நாத்தனா போடணும்ல. பின்னாடி வந்து நின்னா. ரெண்டாவது முடிச்சு. மூணாவது முடிச்சு. மேளம் கொட்டுது. காதோரமாக் குனிஞ்சு, "ஆறு மாகாணி எம்புட்டு மதினி"ன்னா. வாயத் தொறக்குறதுக்குள்ள நங்குன்னு ஒண்ணு. மல்லியப்பூ தெறிச்சு மடியில விழுந்துச்சு. கண்ணுல தண்ணி. பொண்ணு தாலி ஏறுன சந்தோசத்துல அழுவுதுன்னு சனம் நெனச்சுக்கிருச்சு.

நான் ஒம்பது மாசம் பொறுத்தவ. அவ ஏழு வருசம் பொறுத்திருக்கா. எங்க ரெண்டு பேருல யாரு கணக்குல கெட்டின்னு நீயே சொல்லு. தொட்டுப் பாரு, இங்க, கொண்டைக்கு மேல, இன்னும் மேடு இருக்கு.

இரு தாயி, உள்ள இருந்து கூப்பிடுறா. வெந்நி கொதிச்சிருச்சு போல, இன்னைக்கு அவளுக்குத் தலைக்கு ஊத்தணும். அந்தச் சீயக்காக் கிண்ணத்த எடு.