அக்கரை நாணலில் சிக்கிய மீன்

எங்கள் அகதி முகாமுக்குப் பின்னால் ஓடிய ஆறே மாவட்டத்தின் எல்லை. அகதிகள் அதைக் கடந்து பிடிபட்டால் ‘அன்ராக்’ என்ற தஞ்ச விண்ணப்பம் கெட்டுவிடும். அண்ணனோடு ஹெக்ட் என்ற பல்லுள்ள பெரிய மீனைத் தேடிப் போன ஒவ்வொரு நாளும் நீர்மட்டம், வெளிச்சம், இரை எல்லாவற்றையும் கொப்பியில் பதிந்தேன். மே மாதம் தொடங்கிக் கோடை முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. இலையுதிர்காலத்தில் ஒன்று தூண்டிலைக் கவ்வியது. நூலை இழுத்துக்கொண்டு போய் அக்கரை நாணலுக்குள் சிக்கிக்கொண்டது.

“பாலத்தாலை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்,” என்றார் அண்ணன்.

“பொலிஸ் கண்டா அன்ராக் முடிஞ்சுது, அண்ணை. ஏலாது.”

“அந்தா தெரியுது, இருபது மீற்றர்தான்!”

“மீனுக்கு விசா தேவையில்லை. எங்களுக்குத் தேவை.”

அவர் பாலத்தை நோக்கி நடந்தார். அவர் எல்லை தாண்டக் காரணம் இருக்கக்கூடாதென்று நான் நூலை வெட்டினேன். அதைக் கண்டு பாலத்தடியிலிருந்தே திரும்பி வந்தவர், மிஞ்சிய வெறும் நூலைச் சுற்றத் தொடங்கினார்.