பறவை சார் அடித்த பருந்து

கால்நடைத் துறையின் கோழிப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவரைத் தணிக்கை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். நாட்டில் கவிதை எழுதுகிறவர்கள் எல்லாரும் பறவையையே எழுதித் தொலைத்தார்கள். அதனால் பறவை தெரிந்த ஆள் வேண்டுமாம். அதுவரை அவர் ஒரு கவிதைகூடப் படித்ததில்லை. அந்த வேலைக்கு அது பெரிய தகுதி.

மேலதிகாரி பாடம் எடுத்தார். “கவிதைல வர்ற பறவை பறவையே இல்லைய்யா. கூண்டுன்னா ஜெயில். சிறகுன்னா விடுதலை. பருந்துன்னா...” எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “பருந்துன்னா நம்ம தலைவர்.”

“புறா சார்?”

“புறா தலையைக் காட்டினாலே அடிச்சிடு.”

அடித்தார். கிளி, குயில், இறகுத் தலையணை விளம்பரம் எதையும் விடவில்லை. ‘பறவை சார்’ என்று பெயரே வந்துவிட்டது. வீட்டில் முட்டை உடைக்கும்போது மனைவி, “இதுல உள்ளர்த்தம் ஏதாவது இருக்கா, பார்த்துச் சொல்லுங்க” என்பாள். அவர் சிரிக்க மாட்டார்; நிஜமாகவே யோசிப்பார்.

தலைவரின் பிறந்தநாள் மலர் மேஜைக்கு வந்தது. ‘பருந்தே, உன் நிழலில் குஞ்சுகள் நாங்கள் நிம்மதியாக உறங்குகிறோம்’ என்று ஒரு கவிதை. புனைபெயரில் எழுதியவர் மேலதிகாரியேதான், இவருக்குத் தெரியாது. எவனோ தலைவரைக் கிண்டல் செய்கிறான் என்று கொதித்துப்போய்க் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் காரணமும் எழுதினார்: ‘பருந்து நிழல் விழுந்தால் குஞ்சு உறங்காது. தாயிடம் ஓடும். ஓடாததைப் பருந்து தின்றிருக்கும்.’ கீழே கையெழுத்து, அரசாங்க முத்திரை.

மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் வெட்டிய கவிதைகளின் சொந்தக்காரர்கள் சிறையில் இருந்தார்கள். விஷயம் அங்கே ஏற்கெனவே எட்டியிருந்தது. தாடிக்காரக் கவிஞர் ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். “அண்ணே, ஆயுசு பூரா நாங்க முக்கி முக்கி எழுதினதை நீங்க ஓரத்துல எழுதிட்டீங்களே! என்ன படிமம்!”

“படிமமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கோழியைப் பத்தி எழுதினேன்யா!”

“அடடா, என்ன அடக்கம்!”

ஆட்சி மாறியது. வெளியே வந்தவரை மேடை மேடையாக அழைத்தார்கள். தாம் கவிதைகளை மனசார வெட்டியவர் என்று ஒவ்வொரு மேடையிலும் சத்தியம் செய்தார். அங்கதம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பாடப்புத்தகத்துக்குக் கவிதை தேர்ந்தெடுக்கும் குழுவில் புதிய அரசு அவருக்கு நாற்காலி போட்டது.

“போகப்போறீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“தியாகின்னு கூப்பிடறாங்க. எப்படிப் போகாம இருக்கிறது?”

போனார். தமக்குப் புரிந்த கவிதைகளை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கித் தள்ளினார். புரிந்தால் ஆபத்து என்பதை அனுபவித்தவர். அந்த வருஷம் பிள்ளைகள் ஒரு வரியும் விளங்காமல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார்கள்.